வீட்டுப் பட்டறையில் நீர்மூழ்கி: ஆர்க்கா, சிஓ2-வா, ஆர்கானா?

சொந்தக் கையால் நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் உலகத்தில் ஒரு சிறு கூட்டமாக இருக்கிறார்கள், அதிகம் பேர் அமெரிக்காவில். அவர்களில் பலருக்கும் தொடக்கம் ஜார்ஜ் கிட்ரெட்ஜின் வரைபடங்கள். அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்று, மெய்ன் மாநிலத்தில் சின்னச் சின்ன நீர்மூழ்கிகள் கட்டியவர் அவர். கே-250, கே-350 என்ற அவருடைய வடிவங்களின் பெயரிலேயே ஆழம் இருக்கிறது: 250 அடி, 350 அடி. பின்னது சுமார் 107 மீட்டர். இந்த ரகப் படகுகளுக்கு வழக்கமாக எடுப்பது கொதிகலனும் அழுத்தக் கலனும் செய்யும் தகடுதான், ஏ516 கிரேடு 70. உருளையாக உருட்டு, இரண்டு முனையிலும் டிஷ் எண்ட் (கிண்ணம் போலக் குவிந்த மூடி) வை, உள்ளே வளையச் சட்டங்கள் போடு, மேலே ஏறி இறங்க ஒரு கோபுரம் வை. சொல்ல எளிது.

கட்ட நினைக்கிறவர் முதலில் கேட்பது “எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம்?” என்பதைத்தான். நம் பட்டறைகளில் ஆர்க், சிஓ2, ஆர்கான் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவோம். ராடு வைத்துப் பற்றவைப்பது ஆர்க். சுருளிலிருந்து வயர் ஓடிவருவது சிஓ2, அதாவது மிக். டங்ஸ்டன் ஊசியோடு செய்வது ஆர்கான், அதாவது டிக். இந்த மூன்றையும், இவற்றுக்கு நடுவில் வரும், உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் வயரையும் இந்த ஒரு வேலைக்காக மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கேட் செய்யவும் டிரெய்லர் செய்யவும் கணக்கு வேறு.

முதலில் நீர்மூழ்கியின் கூட்டின் மேல் என்ன விசை வருகிறது என்று பார்த்துவிடலாம். 80 செ.மீ. விட்டம், 8 மி.மீ. தகடு, 100 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் சுமார் 10 பார், அதாவது 1 மெகாபாஸ்கல். ஒவ்வொரு முனை மூடியையும் ஏறக்குறைய 51 டன் உள்ளே தள்ளும். 60 செ.மீ. மூடிக்கதவின் மேல் மட்டும் சுமார் 29 டன் உட்கார்ந்திருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தகட்டுக்குள் வரும் அமுக்கத் தகைவு 50 மெகாபாஸ்கல்தான். ஏ516 கிரேடு 70 நிரந்தரமாக வளையத் தொடங்குவது 260-ல். ஐந்து மடங்கு இடைவெளி இருக்கிறது.

அப்படியானால் எது உடைக்கும்? வெளியிலிருந்து அழுத்தம் வாங்கும் உருளை வலிமை போதாமல் நசுங்குவதைவிட, வட்டம் கெட்டதால் மடிந்துபோவதே அதிகம். எங்கே கொஞ்சம் சப்பையாக இருக்கிறதோ அங்கே அழுத்தம் இன்னும் சப்பையாக்கும், அது தொடர்ந்து ஒரே நொடியில் உள்வாங்கிவிடும். அமெரிக்க அழுத்தக் கலன் விதிகள் மிகப் பெரிய விட்டத்துக்கும் மிகச் சிறிய விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. நம் உதாரணத்தில் அது 8 மி.மீ. வெளியழுத்தம் வாங்கும் கூட்டுக்கு இதைவிடவும் இறுக்கமாகப் பார்க்க வேண்டும். வெல்டிங்கின் சூடு தகட்டை இழுக்கும்போது இந்த 8 மி.மீ.-ஐத் தின்றுவிடுவது சர்வ சாதாரணம்.

சிலர் இன்னொன்றும் சொல்வார்கள்: “அழுத்தம் மூட்டை அமுக்கத்தானே செய்கிறது, பிரிக்கவில்லையே, கொஞ்சம் குறை இருந்தாலும் தாங்கும்.” கூட்டின் நடுப்பகுதிக்கு மட்டும் இது பாதி உண்மை. ஜன்னல் வளையம், கதவு வளையம், கோபுரம் கூட்டில் உட்காரும் இடம், டிஷ் எண்ட் உருளையோடு சேரும் இடம், இங்கெல்லாம் தகடு வளைகிறது. வளைந்தால் ஒரு பக்கம் இழுவிசை வரும். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அது திரும்பத் திரும்ப வரும். போதாததற்கு, வெல்டிங் ஆறும்போது சுருங்கியே மூட்டில் ஒரு இழுவிசையை விட்டுப்போகிறது.

ஆக, வெல்டிங் முறையிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டு: தகட்டை அதிகம் கோணலாக்கக் கூடாது, தப்பாகப் போட்டால் அது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். வீட்டுப் பட்டறையில் மேற்பார்வைக்கு இன்ஸ்பெக்டர் நிற்கப் போவதில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் முதலில் அடிபடுவது, எல்லோரும் முதலில் ஆசைப்படும் சிஓ2.

சிஓ2-வைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே வாரத்தில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் கசடு) தட்ட வேண்டாம், ராடு மாற்ற வேண்டாம், ஸ்விட்சை அமுக்கினால் வயர் ஓடும். பிரச்சினையும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக் கரண்டில் ஓடும் சின்ன மெஷின்கள் குறைந்த வோல்டேஜில், வயர் முனை தகட்டைத் தொட்டுத் தொட்டு ஷார்ட் ஆகும் முறையில் வேலை செய்கின்றன. மெல்லிய தகட்டுக்கு, கார் பாடிக்கு அது பிரமாதம். 8 மி.மீ. தகட்டில் என்ன ஆகும்? வயர் உருகி அழகாக வரிவரியாகப் படியும். அடியில் தகடு உருகியிருக்காது. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். கிரைண்டரால் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெல்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரியும். வெட்டாமல் பார்த்தால் அது தெரியவே தெரியாது. இரும்புக் கட்டடங்களுக்கான, அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி1.1 விதித்தொகுப்பு, தனியாகச் சோதித்து நிரூபிக்காமல் பயன்படுத்தலாம் என்று சில முறைகளை அனுமதிக்கிறது. இந்த ஷார்ட் ஆர்க் முறை அந்தப் பட்டியலில் இல்லை. கட்டடத்துக்கே அப்படியென்றால் நீர்மூழ்கிக்கு?

பெரிய மெஷின், ஆர்கான் அதிகம் கலந்த கேஸ், வயர் சிறு துளிகளாகத் தெறித்துப் படியும் ஸ்ப்ரே முறை என்று போனால் சிஓ2-வின் இந்தக் குறை பெருமளவு போய்விடும். ஆனால் அந்த முறை படுக்கை நிலையில்தான் ஒழுங்காக வரும், மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும், காற்றடித்தால் வெல்டை மூடிக் காக்கும் கேஸ் கலைந்து வெல்டிங்கில் துளை விழும். ஓலைக் கொட்டகையிலோ மாடியிலோ வேலை செய்கிறவருக்கு இது பெரிய தலைவலி.

கண்ணுக்குத் தெரியாத குறை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையின் திரெஷரே சாட்சி. 1963 ஏப்ரல் 10-ம் தேதி ஆழச் சோதனைக்கு இறங்கிய அந்த அணுசக்தி நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கியது. கடல்நீர்க் குழாயில் வெள்ளி பிரேசிங் செய்த (குழாயை உருக்காமல், வெள்ளிக் கலவையை உருக்கி ஒட்டிய) ஒரு மூட்டு விட்டுப்போனதே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள். அதற்கு முன் பராமரிப்பில் இருந்தபோது கப்பலின் 145 பிரேசிங் மூட்டுகளை அல்ட்ராசோனிக்கில் பார்த்ததில், சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். அதனால் கடல்நீர் ஏறும் குழாய்களுக்கு பிரேசிங் எளிது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நம் பேச்சு கூட்டைப் பற்றியது, அதற்கு வருவோம்.

ஆர்கான் வெல்டிங் என் இரண்டாவது சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும். உருகும் குட்டை கண்ணெதிரே தெரிகிறது. இரண்டு தகட்டின் விளிம்பும் உருகிச் சேர்ந்த பிறகுதான் ஃபில்லர் கம்பியைக் கொடுப்போம். தெறிப்பு இல்லை, ஸ்லாக் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போட முடிகிற ரூட்டுக்கு, அதாவது மூட்டின் அடி அடுக்குக்கு, இதைவிட நல்லது கிடையாது. குழாய்கள், கூட்டைத் துளைத்துப் போகும் வயர் செருகிகள், ஸ்டெயின்லெஸ் பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஆர்கான்தான் சரி. ஆனால் 8 மி.மீ. தகட்டை முழுக்க ஆர்கானில் நிரப்ப உட்கார்ந்தால் வேகம் நத்தைதான். மெதுவாக நகர்ந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சூடு அதிகம், சூடு அதிகமானால் வட்டம் கெடும். முதல் சோதனையில் கோட்டைவிடுகிறது. இன்னொன்று: ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கூட்டுக்குள் படுத்துக்கொண்டு வேலை செய்தால் அது அடியில் தேங்கி ஆக்ஸிஜனை வெளியேற்றிவிடும். மணமும் இல்லை, மூச்சு முட்டும் உணர்வும் வராது, ஆள் சாய்ந்துவிடுவார். கரியமில வாயுவும் இப்படித்தான் தேங்கும். உள்ளே காற்று இழுக்கும் ஃபேன், வெளியே துணைக்கு ஒரு ஆள், இரண்டும் இல்லாமல் கூட்டுக்குள் எந்த கேஸ் வெல்டிங்கும் வேண்டாம்.

ஃப்ளக்ஸ் வயரில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சின்ன மெஷினோடு “கேஸ் தேவையில்லை” என்று விற்கும் வயர் பெரும்பாலும் 71டி-ஜிஎஸ். அது ஒரே ஒரு பாஸ், அதாவது ஒரே அடுக்கு, மட்டும் போடுவதற்கானது. பல அடுக்கு நிரப்ப வேண்டிய தகட்டுக்கு அதை நினைக்கவே கூடாது. கேஸோடு ஓட்டும் 71டி-1 வேறு ஜாதி. ஆழமாக உருக்கும், எல்லா நிலையிலும் போடலாம், ஆர்க்கைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம். கப்பல் கட்டும் தளங்களில் அன்றாடம் இதுதான் ஓடுகிறது. பின்பக்கம் பீங்கான் பட்டை வைத்தால் ஒரு பக்கத்திலிருந்தே முழு ஊடுருவலும் வாங்கலாம். அடுக்குகளுக்கு நடுவே ஸ்லாக்கைச் சுத்தமாகத் தட்டாவிட்டால் உள்ளே புதைந்துபோகும் என்பதுதான் இதன் ஆபத்து. ஏற்கெனவே நல்ல மெஷினும் பழகிய கையும் உள்ளவர் இதிலேயே முழுப் படகையும் கட்டலாம், நான் தடுக்க மாட்டேன்.

புதிதாக வாங்குகிறவருக்கு என் பதில் ஆர்க். டிசி இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று, 7018 ராடு, அவ்வளவுதான்.

ஆர்க்கில் தப்பு நடந்தால் அது முகத்திலேயே தெரியும். ஆம்பியர் குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், வெல்டு கயிறு மாதிரி உருண்டு நிற்கும். அதிகமானால் ஓரத்தில் பள்ளம் விழும். ஸ்லாக் தட்டும்போது எங்காவது பிடிவாதமாக ஒட்டியிருந்தால், அங்கே இடுக்கு இருக்கிறது, கிரைண்டரை எடு என்று அர்த்தம். முழுக்க ஏமாற்றாது என்று சொல்ல மாட்டேன், ஆர்க்கிலும் உள்ளே ஸ்லாக் புதையும். ஆனால் அழகான முகத்துக்கு அடியில் ஒன்றுமே உருகாமல் இருப்பது அரிது.

“மெதுவாக இருக்குமே?” என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் நீள உருளை என்றால் நீளவாக்கு மூட்டு 3 மீட்டர். வளைய மூட்டு ஒன்றுக்கு இரண்டரை மீட்டர், அப்படி நான்கு. கோபுரம், கதவு, ஜன்னல் எல்லாம் சேர்த்தாலும் உயிர்போகும் மூட்டுகள் 20 மீட்டருக்கு அக்கம்பக்கம்தான். தொழிற்சாலையில் வேகத்துக்குக் கூலி மிச்சமாகும். ஒரே ஒரு படகு கட்டுகிறவருக்கு அந்த வேகத்தால் என்ன மிச்சம்? வேகம் உதவுகிற இடம் உள் வளையச் சட்டங்கள் மட்டுமே. 30 செ.மீ.-க்கு ஒன்று என்று வைத்தால் பத்துச் சட்டம், இரு பக்கமும் சேர்த்து 50 மீட்டர் ஃபில்லெட், அதாவது மூலை வெல்டு. அதையும் அவசரமாகப் போட்டால் கூட்டை உள்ளே இழுக்கும் என்பதால், எப்படியும் விட்டுவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறித்தான் போட வேண்டும்.

ராடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பட்டறைகளில் அதிகம் அலட்சியம் நடப்பது இதில்தான். கிரில் பட்டறையில் ஓடுவது 6013. எளிதாகப் பற்றும், வழவழப்பாக வரும், கேட்டுக்குப் போதும். 7018 குறைந்த ஹைட்ரஜன் ராடு. உருகிய இரும்புக்குள் ஹைட்ரஜன் போனால், ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட, வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும். அதைத் தவிர்க்கத்தான் 7018-ன் பூச்சைச் சுண்ணாம்புச் சத்தோடு செய்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில், ஐப்பசி மழையில் பாக்கெட்டைப் பிரித்து மேசை மேல் போட்டுவைத்தால், குறைந்த ஹைட்ரஜன் என்ற பெயர் அட்டையில் மட்டும்தான் இருக்கும். ஈரம் ஏறிய ராடை 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுட்டு, அப்புறம் 100 டிகிரிக்கு மேலுள்ள சூட்டுப் பெட்டியில் வைத்து, தேவைக்கு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ‘ராடு அவன்’ (ராடு சுடும் மின்னடுப்பு) என்றே விற்கிறது. சமையலறை ‘அவன்’ இந்தச் சூட்டுக்குப் போகாது, முயற்சி வேண்டாம்.

பழைய ஆயில் கூல்டு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் போதுமா? அது ஏசி. பல 7018 ராடுகள் அதில் அணைந்து அணைந்து எரியும். ஆர்க் அணையும் இடமெல்லாம் துளை விழும். 200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் 200-ஐ நம்பாமல் டியூட்டி சைக்கிளைப் பாருங்கள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிக்கலாம். நமக்கு 3.15 மி.மீ. ராடுக்குத் தேவை 100 முதல் 130 ஆம்பியர்தான், நல்ல மெஷினுக்கு இது விளையாட்டு. விஆர்டி வசதி இருப்பதை வாங்குங்கள். சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். வியர்வையில் நனைந்து, இரும்புக் கூட்டுக்குள் எல்லாப் பக்கமும் இரும்பைத் தொட்டபடி உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே ஆபத்து. விஆர்டி அதைப் பாதுகாப்பான அளவுக்கு இறக்கிவைக்கும்.

மெஷினில் மிச்சமான பணத்தை ஒரு சுழல் ரோலரில் போடுங்கள். நான்கு சக்கரம், ஒரு பழைய கியர் மோட்டார், பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். கூட்டை அதன் மேல் படுக்கவைத்துத் திருப்பினால் எல்லா வளைய மூட்டையும் உச்சியில், படுக்கை நிலையிலேயே போடலாம். தலைக்கு மேலே பார்த்துப் போடும் வெல்டும் கீழே பார்த்துப் போடும் வெல்டும் ஒரே ஆளின் கையில்கூட வேறுவேறு தரத்தில்தான் வரும். லட்ச ரூபாய் மெஷினைவிட இந்த ரோலர் கூட்டின் தரத்தை அதிகம் உயர்த்தும் என்பது என் கணிப்பு.

மூட்டு போடும் விதமும் இதோடு சேர்ந்தது. விளிம்பைச் சாய்த்துக் கிரைண்ட் செய்து, வெளியே முதலில் போட்டு, உள்ளே இருந்து ரூட்டைத் தோண்டிப் பளிச்சென்ற இரும்பு தெரியும் வரை எடுத்து, மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் போட்டால் நடுவில் உருகாத இடம் மிஞ்ச வழியில்லை. ஒரே மூச்சில் சுற்றிவராமல், துண்டு துண்டாகப் பின்னோக்கி, எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டுக்கொண்டே, பிளைவுட்டில் வெட்டிய வளைவு அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் வட்டத்தைப் பாருங்கள். ஜன்னல் வளையங்களை வெல்டு செய்த பிறகுதான் லேத்திலோ போரிங் மெஷினிலோ கடைசி அளவுக்குக் கடைய வேண்டும். கடைந்துவிட்டு வெல்டு செய்தால் கூம்பு வடிவ அக்ரிலிக் ஜன்னல் உட்காரும் இருக்கை நெளிந்து, ஒரு பக்கம் மட்டும் தாங்கும்.

தகட்டைப் பற்றி இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, இன்னும் வலிமையான இரும்பு. போர்க்கப்பல்களின் எச்ஒய்-80, எச்ஒய்-100 எல்லாம் முன்சூடு, ராடு, ஆறும் வேகம் என்று எல்லாவற்றிலும் கறாராக இருக்கும். 1991-ல் அமெரிக்காவின் சீவுல்ஃப் நீர்மூழ்கி கட்டும்போதே எச்ஒய்-100 கூட்டின் வெல்டிங்கில் விரிசல் கண்டுபிடித்து, பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டிவந்தது. கப்பல் தளத்துக்கே அந்தக் கதி. நமக்கு வலிமை ஏற்கெனவே ஐந்து மடங்கு இருக்கிறது, எளிதாக வெல்டாகும் இரும்பே போதும். இன்னொரு ஆசை அலுமினியம். 6061-டி6 தகடு வெல்டிங் ஓரத்தில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். 1964-ல் வந்த அலுமினாட் ஆழ்கடல் நீர்மூழ்கியை வெல்டே செய்யாமல், அடித்து உருவாக்கிய வளையங்களைப் போல்ட் போட்டுத்தான் சேர்த்தார்கள்.

சாதாரண இரும்பை மட்டமாக நினைக்க வேண்டாம். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் மத்ஸ்யா 6000 என்ற ஆள் ஏறும் ஆழ்கடல் நீர்மூழ்கிக்காக 80 மி.மீ. தடிமனில் டைட்டானியம் கோளம் செய்கிறது. அதை இணைப்பது வெற்றிடத்தில் எலெக்ட்ரான் கற்றையால். ஆனால் அதற்கு முன்னோட்டமாக அவர்கள் செய்ததும் சாதாரண இரும்புக் கோளம்தான். 2021 அக்டோபரில் வங்கக் கடலில் 600 மீட்டர் வரை இறக்கிச் சோதித்தார்கள்.

சோதனைக்கு வருவோம். சாயம் அடித்து விரிசல் பார்க்கும் டை பெனட்ரன்ட் மூன்று ஸ்ப்ரே டப்பாதான், நாமே செய்யலாம், ஆனால் மேற்பரப்பு விரிசல் மட்டுமே தெரியும். நீளவாக்கு மூட்டையும் டிஷ் எண்ட் மூட்டுகளையும் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது. கதிர்வீச்சு என்பதால் உரிமம் உள்ள நிறுவனம்தான் எடுக்க முடியும். கொதிகலன் வேலை நடக்கும் திருச்சி, சென்னை பக்கமெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சியும் தருகிறது. கை பழகாதவர் மெஷினுக்கு முன் அதற்குச் செலவழிக்கலாம். கூட்டின் முதல் ஆழ இறக்கத்தை ஆளே இல்லாமல், எடை கட்டிக் கயிற்றில் விட்டு, இயங்கப்போகும் ஆழத்தையும் தாண்டி இறக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் நாமே செய்யத்தான் வேண்டுமா? உருளை உருட்டுவதையும் நீளவாக்கு மூட்டையும் நான் அழுத்தக் கலன் பட்டறையிடமே கொடுத்துவிடுவேன். 8 மி.மீ. தகட்டை வட்டம் பிசகாமல் உருட்டும் ரோலிங் மெஷின் நம் வீட்டில் இருக்கப்போவதில்லை. அங்கே சப்மெர்ஜ்டு ஆர்க்கில் (பொடிக்கு அடியில் எரியும் மெஷின் வெல்டிங்) அந்த மூன்று மீட்டரை அரை நாளில் முடித்து, எக்ஸ்ரே படமும் எடுத்துக் கொடுப்பார்கள். டிஷ் எண்டும் கடையிலேயே வாங்குங்கள். கொடுக்கும்போது தகட்டின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டை வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) தகட்டில் பஞ்ச் செய்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்தத் தகட்டின் வெட்டுத் துண்டுகளையும் கேட்டு எடுத்துவாருங்கள், பட்டறையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். உங்கள் மெஷின், உங்கள் ராடு, உங்கள் கை, கூட்டின் அதே தகடு, இந்த நான்கையும் வைத்துச் சோதனை மூட்டுப் போட்டு வளைத்துப் பார்க்க அந்தத் துண்டுகள்தான் வேண்டும். முகமும் முதுகுமாக இரண்டு பக்கமும் வளைத்து, பிளக்காமல் வந்த பிறகு கூட்டின் மேல் முதல் டேக் (பிடிப்புக்குப் போடும் சிறு வெல்டு) வையுங்கள்.